கேரக்டர் அப்ளிகேஷன் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது (1741 குளச்சல் ரோல்பிளே) – எங்கே தப்பு?

குழித்துறைக்காரி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். டிஸ்கார்டில் ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, தமிழிலேயே கதை எழுதி விளையாடும் ஒரு ரோல்பிளே குழு இருக்கிறது. கதை நடக்கும் இடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், காலம் 1741, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போருக்கு முந்தைய சில மாதங்கள். உறுப்பினராக இல்லாதவர்களும் கதையை வாசிக்கலாம். நான்கு மாதமாக வாசிக்கிறேன். வேலை முந்திரி ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில். மகள் தூங்கின பிறகு ராத்திரி ஒன்பதரைக்குத்தான் போனைக் கையில் எடுப்பேன். நான் நடந்துபோகும் ரோட்டில் முந்நூறு வருடத்துக்கு முந்தி யாரோ மாட்டுவண்டி ஓட்டுவதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். எனக்கும் உள்ளே போக வேண்டும்.

இரண்டு முறை அப்ளிகேஷன் போட்டேன், இரண்டும் திரும்பிவிட்டது. இரண்டாவது முறை அட்மின் ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்தக் கேரக்டருக்கு மற்றவர்கள் தேவையில்லை." எனக்குப் புரியவில்லை. நான் அனுப்பியது இதுதான், வெளிப்படையாகச் சொல்லுங்கள்:

பெயர்: மலையரசி. வயது: 19.
தொழில்: வேணாட்டு (திருவிதாங்கூர்) படையின் ரகசிய வீராங்கனை.
திறமை: களரி, அடிமுறை, வாள், வில், குதிரையேற்றம். தமிழ், மலையாளம், டச்சு, போர்த்துகீசு நான்கும் தெரியும்.
முன்கதை: தாய் தந்தையரை டச்சுக்காரர்கள் கொன்றுவிட்டார்கள். ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிந்து, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) தின்று வளர்ந்தாள். யாரையும் நம்ப மாட்டாள். டச்சுப் படைத் தலைவர் டிலனாயைப் பிடிக்கப்போவது அவள்தான். அவர் பிறகு நம் படைக்கே தளபதி ஆவார் என்று அவள் உள்மனம் சொல்கிறது.
மாதிரிக் காட்சி: "மலையரசி வாளை வீசினாள். எதிரே நின்ற மூவரும் மண்ணில் சாய்ந்தார்கள். தளபதி திகைத்துப்போய் அவள் காலில் விழுந்தார்..."

பழையாற்றங்கரை | ஞாயிறு, இரவு 10.25

தங்கச்சி, முதலில் ஒன்று. உங்கள் தமிழில் குறை இல்லை. அதனால்தான் அட்மின் நின்று ஒரு வரி எழுதியிருக்கிறார். பல இடத்தில் அதுகூட வராது. நான் வேறொரு குழுவில் ஆறு வருடமாக அப்ளிகேஷன் படிக்கிறேன். படிக்கிறவர் எதைத் தேடுகிறார் என்பதைச் சொல்கிறேன்.

அவர் மலையரசியின் வீரத்தை அளக்கவில்லை. "இந்த ஆள் உள்ளே வந்தால் ஏற்கெனவே இருக்கும் இருபது பேருக்கு எழுத ஏதாவது கிடைக்குமா?" என்று பார்க்கிறார். மலையரசிக்கு நான்கு மொழி தெரியும், மொழிபெயர்த்துச் சொல்லும் துபாசி வேண்டாம். காயம் படாது, வைத்தியர் வேண்டாம். யாரையும் நம்ப மாட்டாள், தோழி வேண்டாம். போரையும் அவளே முடித்துவிடுவாள். அந்தக் குழுவில் துபாசியாக ஒருவர், வைத்தியராக ஒருவர், வண்டிக்காரராக ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்களே, அவர்கள் அவளிடம் வந்து என்ன பேசுவார்கள்?

அடுத்தது மாதிரிக் காட்சி. "மூவரும் மண்ணில் சாய்ந்தார்கள்." அந்த மூன்று பேரில் ஒருவர் இன்னொருவருடைய கேரக்டராக இருக்கலாம். அவர் விழுந்தாரா, விலகினாரா, திருப்பி அடித்தாரா என்பதை அவர்தான் எழுத வேண்டும். அவருக்காக நீங்கள் முடிவு செய்தால் அதற்குப் பெயர் காட்மாடிங். எந்தக் குழுவின் விதிகளிலும் முதல் பத்து வரிக்குள் இது இருக்கும். "வாளை நடுவில் நின்றவனின் தோளைக் குறிவைத்து இறக்கினாள்" என்று எழுதிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பட்டதா என்பது எதிராளி எழுதுவது.

டிலனாய் விஷயம் மெட்டாகேமிங், அதாவது எழுதுகிற நமக்கு மட்டும் தெரிந்ததைக் கேரக்டருக்கும் தெரிந்ததாக எழுதுவது. 1741 ஆகஸ்டில் அவர் சரணடைந்ததும், மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கி, கடைசியில் 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானதும் நமக்குத் தெரியும். அந்த வருடம் ஆனி மாதத்தில் நடமாடும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர்கூட எட்டியிருக்காது. உள்மனம் என்று சொல்லி அந்த அறிவை உள்ளே கொண்டுவர முடியாது.

இன்னொன்று: விதிகளை முழுக்கப் படித்தீர்களா? நிறைய குழுக்களில் விதிகளுக்கு நடுவே ஒரு சொல்லை ஒளித்துவைத்து, அதை அப்ளிகேஷனில் எழுதச் சொல்வார்கள்.

குழித்துறைக்காரி | ஞாயிறு, இரவு 10.50

அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து எழுதியிருந்தேன் அண்ணா. மற்றதெல்லாம் வாசிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று பேர் யாரோ ஒருவர் எழுதும் ஆட்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பழையாற்றங்கரை | ஞாயிறு, இரவு 10.58

வெட்கப்பட ஒன்றும் இல்லை மக்களே. முதல் அப்ளிகேஷனில் அநாதை வீரனை எழுதாத ஆளை நான் பார்த்ததில்லை.

குளச்சல்_கரை | திங்கள், காலை 6.15

அக்கா, காலக் கணக்கில் சில இடிக்கிறது. 1741-ல் நம்ம பக்கம் ரப்பர் கிடையாது. அது இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மரச்சீனியைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பியது விசாகம் திருநாள் மகாராஜா, 1880-களில். அதனால் உங்கள் ஆள் தினை, சோறு, கிழங்கு, மீன் என்று சாப்பிடட்டும். இனி எழுதும்போது இதையும் பாருங்கள்: பேச்சிப்பாறை அணை கட்டி முடித்தது 1906-ல். பத்மநாபபுரம் என்ற பெயரும் போருக்குப் பிறகு வந்ததுதான், அப்போது அது கல்குளம். மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்று எழுதுங்கள், பெரியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

போர் நடந்தது ஆடிக் கடைசி. எங்கள் கடல் ஆடியில் எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தால்தான் தெரியும். அலை கரையை அறுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: படை குறைவாக இருந்ததால் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக் கரை நீளத்துக்கு நின்றார்களாம். கப்பலில் இருந்து பார்த்தவர்களுக்குப் பெரும்படையாகத் தெரிந்ததாம். என் பாட்டன் துடுப்பைத் துளவை என்றுதான் சொல்வார். வெற்றித் தூண் இருக்கும் இடத்துக்குச் சின்ன வயதில் என்னைக் கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொல்லும்போது, கையில் இருந்த குடையைத் தோளில் சாய்த்து நின்று காட்டினார். வாள் பிடித்த ஒருவரை விட அந்தத் துளவைக்காரர்களில் ஒருவரை எழுதினால் நான் தினமும் வந்து வாசிப்பேன்.

பறக்கை_மாணவன் | திங்கள், மதியம் 1.10

ஒரு சந்தேகம். ஆர்பிஜி (ரோல்பிளேயிங் கேம்) என்றால் டவுன்லோடு செய்து, கேரக்டர் உருவாக்கி, நேராக விளையாடுவதுதானே? இதற்கு எதற்கு விண்ணப்பம், மாதிரி எழுத்து எல்லாம்?

துபாய்த்_தக்கலை | திங்கள், மதியம் 2.30

தம்பி, நீ சொல்வதும் இதுவும் ஒரே வேரில் இருந்து வந்ததுதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டார்கள். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடுவது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் மட் என்ற ஒன்றைக் கணினியில் செய்தார்கள். படமே கிடையாது, வெறும் எழுத்து. பலர் ஒரே நேரத்தில் உள்ளே நடமாடலாம். நீ விளையாடும் படம் போட்ட ஆன்லைன் விளையாட்டுகளுக்கு அது பாட்டன் முறை.

இந்தக் குழு செய்வது எழுத்து ரோல்பிளே. இங்கே கதையை நடத்த மென்பொருள் இல்லை, ஆட்கள்தான் நடத்துகிறார்கள். நான் ஒரு பத்தி எழுதினால் நீ ஒரு பத்தி எழுத வேண்டும். நீ வராவிட்டால் என் கேரக்டர் வாசலில் நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ஆளைத் தெரிந்துகொண்டு சேர்க்கிறார்கள்.

குழித்துறைத் தங்கச்சிக்கு ஒரு விஷயம். "வாரத்துக்கு எத்தனை பதிவு?" என்ற கேள்வியில் பொய் சொல்லாதீர்கள். முதல் தடவை நான் "தினமும்" என்று போட்டேன். இங்கே எனக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஊருக்கும் இங்கைக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், நான் அறைக்கு வந்து சேரும்போது ஊரில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். ஒரு சந்தைக் காட்சியில் என் கேரக்டரிடம் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதினொரு நாள் காத்திருந்தார். அவர் கோபப்படவில்லை, "சுகமில்லையா அண்ணே?" என்று தனியாகக் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இப்போது "வெள்ளிக்கிழமை மட்டும், ஆனால் நிச்சயம்" என்று எழுதி ஒரு குழுவில் இருக்கிறேன். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள்.

தோவாளைப்_பிச்சி | திங்கள், இரவு 8.05

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். விளையாட வருகிற ஒருத்தியிடம் மாதிரி எழுத்து கேட்டு, திருத்தி, திருப்பி அனுப்புவது சரியில்லை. நம்ம மாவட்டத்துக்காரர்கள் ஏற்கெனவே பேச்சால் எத்தனை இடத்தில் கூனிக்குறுகியிருக்கிறோம்! சென்னையில் கல்லூரிக்குப் போன முதல் வருடம் "நீ மலையாளியா?" என்று கேட்காத ஆள் இல்லை. இங்கே விளையாட்டுக்கும் ஒரு தேர்வா? கதவு திறந்திருக்கட்டும், எழுத எழுத வரும். என் தோழிகள் ஏழு பேர் அப்ளிகேஷன் எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் இரண்டு வருடமாக ஒரு கதையை ஓட்டுகிறோம். ஒரு சண்டை கிடையாது.

பழையாற்றங்கரை | திங்கள், இரவு 9.15

பிச்சி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஏழு தோழிகளுக்கு அப்ளிகேஷன் தேவையே இல்லை. ஒருவரை ஒருவர் தெரியும், அந்தப் பழக்கமே விண்ணப்பம்.

எங்கள் குழுவும் திறந்த கதவோடுதான் ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் ஒருவர் உள்ளே வந்தார். ஒரே ராத்திரியில் மற்றவர்களின் ஆறு கேரக்டர்களைக் கொன்றதாக எழுதிவிட்டார். அதுகூடப் பரவாயில்லை, அழித்துவிடலாம். ஒரு பெண் கேரக்டரை இழுத்துவைத்து அவர் எழுதிய காட்சியை, அந்தக் கேரக்டரை எழுதுகிற பெண் காலையில் எழுந்து படித்தார். அன்றோடு மூன்று பெண்கள் போய்விட்டார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அவர்கள் எழுதிய பழையாற்றுப் படித்துறைக் காட்சிகள் இன்னும் எங்கள் பக்கத்தில் பாதியில் நிற்கின்றன. அதற்குப் பிறகுதான் பதினெட்டு வயது விதியும், "எதை எழுத மாட்டீர்கள், எது உங்கள் கண்ணில் படக்கூடாது?" என்ற கேள்வியும் எங்கள் அப்ளிகேஷனில் வந்தது. நான் முதலில் படிப்பது அந்தப் பதிலைத்தான். மாதிரி எழுத்து அதற்கு அப்புறம்.

பேச்சு விஷயத்தில் பிச்சியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நம்ம பேச்சில் எழுதினதற்காக ஒரு குழு திருப்பி அனுப்பினால் அந்தக் குழு நமக்கு வேண்டாம்.

தோவாளைப்_பிச்சி | திங்கள், இரவு 9.40

அந்த மூன்று பேர் விஷயம் தெரியாமல் பேசிவிட்டேன் அண்ணா. அந்தக் கேள்வி இருக்க வேண்டியதுதான். மாதிரி எழுத்து பற்றி என் கருத்து மாறவில்லை.

குழித்துறைக்காரி | செவ்வாய், இரவு 10.10

நேற்றும் இன்றும் ஆலையில் கணக்குப் பார்க்கும்போதும் இதே யோசனை. எனக்குத் தெரிந்த யாருக்கு எல்லோரும் தேவைப்பட்டார்கள் என்று யோசித்தேன். எங்கள் அம்மச்சி ஞாபகம் வந்தது.

அம்மச்சி கயிறு திரிப்பாள். கதம்பையை (தேங்காய் மட்டையை) மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து, கல்லில் வைத்துத் தடியால் அடித்து, நாருக்கு இடையில் இருக்கும் சோற்றை உதறி, நாரைப் பிரிப்பாள். ஊறின கதம்பையின் வாசனை துணியில் ஏறினால் மூன்று அலசு அலசினாலும் போகாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே நாரை வைத்து உருட்டுவாள். அவள் உள்ளங்கையில் ரேகையே இருக்காது, பலாக்கொட்டைத் தோல் மாதிரி வழவழவென்று இருக்கும். என் கன்னத்தைப் பிடிக்கும்போது அது கையா, மரமா என்று தோன்றும். கதம்பைக்குத் தோட்டக்காரர் வேண்டும், ஊறப்போட ஆறு வேண்டும், விற்க சந்தை வேண்டும். அவளிடம் கயிறு வாங்காத வீடு கிடையாது.

1741-ல் கயிறு இல்லாமல் எது நடந்திருக்கும்? கட்டுமரத்துக்குக் கயிறு, கிணற்றுக்குக் கயிறு, பீரங்கி இழுக்கக் கயிறு. அதனால் மலையரசியை விட்டுவிட்டேன். புதிதாக எழுதியது:

பெயர்: தங்கம்மை. வயது: 34.
தொழில்: கயிறு திரிப்பவள். குழித்துறை ஆற்றங்கரை.
திறமை: கயிற்றைத் தொட்டால் எந்த ஊர்க் கதம்பை என்று சொல்வாள்.
குறை: எண்ணத் தெரியாது. விற்கிற இடத்தில் ஏமாறுவாள். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள்.
வேண்டியது: படைக்கு எடுத்த கயிற்றுக்கு இன்னும் கூலி வரவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.
எழுதாதவை: அந்தக் காலத்தில் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போட முடியாமல் இருந்ததை வேடிக்கைக் காட்சியாக யாரும் எழுதக்கூடாது. 1859-ல் அரசு உத்தரவு வரும்வரை எங்கள் வீட்டுப் பெண்கள் அதற்குள் வாழ்ந்தவர்கள். கதையில் அந்த வலி வரலாம், முன்கூட்டியே என்னிடம் கேட்டுவிட்டு.
நேரம்: வாரம் மூன்று பதிவு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல். மாத முடிவில் கணக்கு முடிக்கும் நான்கு நாள் வர முடியாது.

மாதிரிக் காட்சி:

"தலையில் இருந்த கயிற்றுச் சுருளைத் தங்கம்மை மணலில் இறக்கிவைத்தாள். கடலைப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. கரையில் கிடந்த கட்டுமரம் கட்டு அவிழ்ந்து, மரம் மரமாகக் கிடந்தது. ஐயோ, அறுந்துபோச்சே என்று ஓடினாள். பக்கத்தில் கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்து விரலால் நீவினாள். 'இது எனக்க கயிறு இல்ல. ஆரு குடுத்தது?' மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர் திடுக்கிட்டுத் திரும்பினார்."

துபாய்த்_தக்கலை | செவ்வாய், இரவு 11.50

"எனக்க கயிறு இல்ல" என்பதை மூன்று தடவை வாசித்தேன். இங்கே அறையில் நாலு பேர், நாலு நாட்டுக்காரர்கள். எனக்க பேச்சை யாராவது எழுதிப் பார்த்து ரொம்ப நாளாச்சு.

குளச்சல்_கரை | புதன், காலை 5.50

அக்கா, கட்டுமரம் கரையில் அவிழ்ந்து கிடப்பதில் அதிசயமே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவது வழக்கம். இல்லாவிட்டால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். திரும்பப் போகும்போது மறுபடி கட்டுவார்கள். அதனால் தங்கம்மை அதைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்காரி, முதல் தடவை கடலுக்கு வருகிறாள் என்றால் ஓடலாம். அப்போது எங்கள் ஆள் யாராவது அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

பழையாற்றங்கரை | புதன், காலை 8.30

தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாது என்பதே நல்ல ஆரம்பம், சொல்லிக்கொடுக்க இன்னொருவருக்கு இடம் கிடைக்கிறது.

கடைசி வரி மட்டும். "திடுக்கிட்டுத் திரும்பினார்." அவர் திடுக்கிட்டார் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? அவர் திரும்பாமல் போகலாம். காது கேட்காதவராக இருக்கலாம். ஒருவேளை அந்தக் கயிற்றைத் திருடியவரே அவராக இருக்கலாம். அவரை எழுதப்போகிறவரிடம் விட்டுவிடுங்கள்.

குழித்துறைக்காரி | புதன், இரவு 9.45

மாற்றிவிட்டேன்: "மரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கும் நிழல் மணலில் விழுந்திருந்தது." இவ்வளவுதான். அனுப்பிவிட்டேன்.

தோவாளைப்_பிச்சி | புதன், இரவு 10.00

அந்த நிழலை நானே எழுத வேண்டும் போல இருக்கிறது அக்கா. நானும் அந்தக் குழுவின் விதிகளை வாசிக்கப் போகிறேன்.

குழித்துறைக்காரி | வெள்ளி, இரவு 9.35

பதில் வந்தது. ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை, திருப்பி அனுப்பியதாகவும் இல்லை. அட்மின் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "தங்கம்மையின் கயிறு ஒருநாள் கடலில் கைவிட்டால், முதலில் அது யாருக்குத் தெரியும்?" பதில் எழுதினால் ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி தருவாராம். எனக்குக் கடல் தெரியாது. குளச்சல் தம்பி, சொல்வீர்களா?

குளச்சல்_கரை | சனி, காலை 5.40

அப்பாவிடம் கேட்டேன் அக்கா. கயிறு ஒரேயடியாக அறாதாம், முதலில் தளருமாம். தளர்ந்தால் மரமும் மரமும் உரசும். காற்று இரைச்சலில் அந்தச் சத்தம் காதுக்குக் கேட்காது, முழங்காலில்தான் தெரியும் என்கிறார். முட்டுக்குத்தி உட்கார்ந்து துளவை போடுகிறவனுக்குக் கீழே மரம் லேசாக நகருமாம். அவன் பின்னால் இருப்பவனிடம் ஒன்றும் சொல்ல மாட்டானாம். துளவையைக் குறுக்கே வைத்துவிட்டு, குனிந்து, கட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பானாம்.